19 மாதமாக வேலை இல்லை, தேடவும் மனம் வரவில்லை: நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

வாசகருக்கு வயது 34. நாமக்கல் மாவட்டம், பி.இ. மெக்கானிக்கல். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடம் இரண்டு மாதம் குவாலிட்டி இன்ஜினீயராக இருந்தவர். 19 மாதங்களுக்கு முன் இவருடைய உற்பத்தி லைனை மூடியபோது, அதில் இருந்த எல்லோரிடமும் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வாடகை கொடுத்துத் தாக்குப்பிடிக்க முடியாமல் மனைவி, நாலு வயது மகளோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி தனியார் பள்ளியில் 12,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறார்.

இதுவரை ஆன்லைனில் 1,100-க்கும் மேல் விண்ணப்பம் போட்டிருக்கிறார். போன் வந்தது ஒன்பது முறை, இன்டர்வியூ மூன்று, வேலை இல்லை. நடுவில் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வும் எழுதினார், கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் தினமும் தேடியவர், இப்போது காலை பத்து மணிக்குத்தான் எழுந்திருக்கிறார், இரவு இரண்டு மணி வரை போன் பார்க்கிறார். வாலிபால் ஆடப் போவதை விட்டுவிட்டார். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுகிறார். பெட்ரோலுக்கு மனைவியிடம் நூறு ரூபாய் கேட்பதற்கு முன் அரை மணி நேரம் தயங்குவதாக எழுதியிருக்கிறார். ஒரு நண்பர் 15,000 ரூபாய்க்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஒரு ஏஜென்ட் 1.8 லட்சம் கேட்டு தாய்லாந்து வேலை என்கிறார். அடுத்த மாதம் மச்சினன் கல்யாணம், அதற்குப் போவதா வேண்டாமா என்பதும் ஒரு கேள்வி. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: “சில ராத்திரிகளில், நான் இல்லாவிட்டால் இவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுகிறது.”

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் எழுதிய அந்த வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேலை பற்றி மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த ராத்திரி நினைப்பு

இப்படி ஒரு நினைப்பு வருவதை எழுதிவிட்டீர்கள், நல்லது. இன்றே இதை மனைவியிடமோ, நீங்கள் நம்பும் ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் அந்த நினைப்பு கனக்கும்போது 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். விவசாயக் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை வேறு இடத்தில் வைத்துப் பூட்டி, சாவியை அப்பாவே வைத்துக்கொள்ளட்டும். இப்படிப்பட்ட நினைப்பு பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்கும். அது ஏறி நிற்கும் நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆபத்து இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

தூக்கம் புரண்டுபோனது, பிடித்த விளையாட்டும் கசந்துபோனது, எதற்கெடுத்தாலும் குற்ற உணர்ச்சி, இதோடு சாவைப் பற்றிய நினைப்பு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று டாக்டர் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு மாதக்கணக்காக இருக்கிறது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை இவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அவையும் இதே சோர்வைக் காட்டும். மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போதைபோல அடிமைப்படுத்துவதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். நான்கு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடுவதும், கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாகவே நிறுத்துவதும்தான் பலர் செய்யும் தவறு. இன்டர்வியூவில் இதையெல்லாம் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இது சோம்பல் இல்லை

1931-ல் ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற சிற்றூருக்கு சமூக உளவியலாளர் மரீ யகோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் போனார்கள். ஊருக்கே சோறு போட்ட நூல் ஆலை மூடிப்போயிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் நடப்பவர்களைக் கடிகாரம் வைத்துக் கவனித்தார்கள். கையில் எக்கச்சக்க நேரம் இருந்த ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள். நூலகக் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஆலை ஓடிய காலத்தில் உழைத்து, படித்து, ஊர்க் காரியங்களில் முன்னால் நின்ற அதே மனிதர்கள்தான் இவர்கள்.

வேலை சம்பளத்தோடு ஐந்து விஷயங்களைச் சேர்த்துத் தருகிறது என்று யகோடா பின்னாளில் எழுதினார்: நேரத்துக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனித முகங்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணம், இன்னார் என்ற அடையாளம், அன்றாடம் கைக்கு ஒரு காரியம். ஒரகடத்தில் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஷிப்டுக்குப் போனபோது உங்களை எழுப்பியது உங்கள் மன உறுதி மட்டுமா? கம்பெனி பஸ், சூப்பர்வைசர், காலை மீட்டிங், பக்கத்து டேபிள் நண்பர் எல்லோரும் சேர்ந்து எழுப்பினார்கள். அந்த ஐந்தும் ஒரே நாளில் போய்விட்டது. போனதைத் திரும்பக் கட்டாமல் மனதைத் திட்டிக்கொண்டே இருந்தால் மனம் இன்னும் சுருங்கும்.

“ஊக்கம் எப்படி வரவழைப்பது” என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஊக்கம், பிறகு செயல் என்ற வரிசையை மனச்சோர்வுக்கான சிகிச்சையில் தலைகீழாக வைப்போம். சின்னதாக ஒரு செயல், குறித்த நேரத்தில், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஊக்கம் அதன் பின்னால் மெல்ல வரும். வராத நாளிலும் செயல் நடந்திருக்கும்.

ஒரு நாளை எப்படி ஒழுங்குபடுத்துவது

தூங்கப் போகும் நேரத்தைச் சரிசெய்யப் போராட வேண்டாம், அது நம் கையில் இல்லை. எழும் நேரத்தை மட்டும் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் 6.30. எவ்வளவு தாமதமாகத் தூங்கினாலும் 6.30, பகலில் தூக்கம் கிடையாது. முதல் ஐந்தாறு நாள் தலை கனக்கும், எரிச்சல் வரும். இரண்டாவது வாரத்தில் இரவுத் தூக்கம் தானாக முன்னால் நகரும். போனை சமையலறையில் சார்ஜ் போடுங்கள், அலாரத்துக்கு இருநூறு ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். எழுந்ததும் வெயில் படும்படி அரை மணி நேரம் நடை. மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குளித்து, சட்டை மாற்றி வெளியே போக அது ஒரு காரணம்.

வேலை தேடுவதை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். பல நகராட்சிகளில் நூலகமும் அறிவுசார் மையமும் சேர்த்துத் திறந்திருக்கிறார்கள், படிக்க இடமும் இணைய வசதியும் கிடைக்கும். காலை 10 முதல் 12.30 வரை, வாரம் ஐந்து நாள். அவ்வளவு போதும். எட்டு மணி நேரம் தேடுகிறேன் என்று தொடங்குபவர்கள் பத்து நாளில் கைவிடுவார்கள், ஏனென்றால் பதில் வராத வேலையை எட்டு மணி நேரம் செய்ய யாராலும் முடியாது. 12.30-க்கு மூடியதும் வேலைத் தளங்களை அன்று திரும்பப் பார்க்கக் கூடாது. ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தபடி பார்க்கும் நௌக்ரி உங்கள் தூக்கத்தைத்தான் தின்கிறது. சாயங்காலம் வாரத்தில் மூன்று நாள் வாலிபால். ஆடப் பிடிக்காவிட்டால் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்.

ஒரு பழக்கம் மிகவும் உதவும். “வேலை தேடுவேன்” என்று பொதுவாக முடிவெடுக்காமல், “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று எழுதிவைப்பது. உதாரணம்: “பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், வேறு எதையும் திறப்பதற்கு முன் ஒரே ஒருவருக்கு மெசேஜ் அனுப்புவேன்.” “வேண்டாம் என்று பதில் வந்தால், அன்று மாலை கூடுதலாகக் கால் மணி நேரம் நடந்துவிட்டு, நோட்டில் ஒரு வரி எழுதுவேன்.” நிராகரிப்பு நிச்சயம் வரும். வந்த பிறகு யோசிப்பதைவிட, வருவதற்கு முன்பே என்ன செய்வது என்று முடிவெடுத்து வைத்திருந்தால் அடி குறைவாக விழும்.

இன்னொன்று, ஒரே ஒரு வாரத்துக்கு. 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வேலை இழந்த பொறியாளர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து ஐந்து நாள், தினம் 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதை எல்லாம் எழுதச் சொன்னார்கள். அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது. அவர்கள் அதிகமாக விண்ணப்பம் போட்டதால் அல்ல. உள்ளே கிடந்த கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது, அது இன்டர்வியூ அறைக்குள் எட்டிப்பார்க்கவில்லை என்பதுதான் விளக்கம். உங்களிடம் ராஜினாமா எழுதி வாங்கிய அந்த மத்தியானத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பேனா மேசையில் வைத்த விதம் வரை நினைவிருக்கிறது. அதை ஐந்து நாள் முழுக்க எழுதி முடித்துவிடுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதியதும் அந்த நினைப்பு ராத்திரியில் கூடினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

1,100 விண்ணப்பம் எங்கே அடைக்கிறது?

நீங்கள் குவாலிட்டிக்காரர். ரிஜெக்‌ஷன் வந்தால் எந்த ஸ்டேஜில் என்று பார்ப்பீர்கள் அல்லவா? அதையே இங்கே செய்யுங்கள். 1,100-க்கு ஒன்பது போன் என்றால் கோளாறு விண்ணப்பம் போகும் வழியிலும் ரெஸ்யூமிலும் இருக்கிறது. ஒன்பதில் மூன்று பேர் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது மோசமான விகிதம் இல்லை. மூன்றிலும் ஆஃபர் வராததற்கு இடைவெளியைப் பற்றி நீங்கள் சொன்ன பதில் காரணமாக இருக்கலாம்.

ஒரு நினைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். “19 மாதம் ஆகிவிட்டது, ஒவ்வொரு மாதமும் என் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கற்பனை ரெஸ்யூம்களைக் கம்பெனிகளுக்கு அனுப்பிச் செய்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. வேலையில்லாத காலம் கூடக்கூட அழைப்பு குறைவது உண்மை. ஆனால் அந்தச் சரிவு முதல் எட்டு மாதத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, அதன் பிறகு ஏறக்குறைய ஒரே மட்டம். நம் ஊர் நிலவரம் அப்படியே அதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் 19-வது மாதத்திலிருந்து 20-வது மாதத்துக்குப் போவதால் ஒரு கதவு புதிதாக மூடப்போவதில்லை என்று நம்பக் காரணம் இருக்கிறது.

எண்ணிக்கையைக் குறையுங்கள். வாரத்துக்கு ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் ரெஸ்யூமின் மேல்பாதியை அந்த வேலைக்கு ஏற்ப மாற்றி. இரண்டு பக்கம் போதும். “குவாலிட்டி வேலைகளைக் கவனித்தேன்” என்ற வரியை எடுத்துவிட்டு, எந்தப் பார்ட், எந்த கஸ்டமர் ஆடிட், ரிஜெக்‌ஷன் பிபிஎம் (பத்து லட்சத்துக்கு எத்தனை) எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது, எத்தனை 8டி ரிப்போர்ட் (கோளாறின் காரணம் கண்டு சரிசெய்த அறிக்கை) மூடினீர்கள், சிஎம்எம் என்ற அளவெடுக்கும் இயந்திரத்தில் என்ன புரோகிராம் போட்டீர்கள் என்று எண்ணோடு எழுதுங்கள். நௌக்ரி புரொபைலில் “உடனே சேரத் தயார்” என்று போடுங்கள். மற்றவர்கள் 60, 90 நாள் நோட்டீஸ் பீரியட் சொல்லும்போது, ஆடிட்டுக்கு முன்னால் ஆள் தேவைப்படும் கம்பெனிக்கு நீங்கள் திங்கட்கிழமையே வரக்கூடியவர். வேலை இல்லாதவருக்கு இருக்கும் பலம் இது, பெரும்பாலோர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

மிச்ச நேரம் முழுக்க ஆட்களுக்கு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் எழுதியது இன்றும் பொருந்துகிறது: வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதோ பார்க்கும் தெரிந்தவர்கள் மூலமாகத்தான் அதிகம் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். தூரத்து ஆளுக்குத்தான் நமக்குத் தெரியாத கம்பெனி தெரியும். உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஆறு வருடம் உங்கள் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பார்ட்ஸ் கொண்டுவந்த சப்ளையர்கள். அவர்களுடைய குவாலிட்டி ஆட்களோடு எத்தனை முறை மைக்ரோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடியிருப்பீர்கள்! அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருக்கும் இந்தச் சிறு கம்பெனிகள் பல நேரம் விளம்பரமே போடுவதில்லை, விசாரித்து ஆள் எடுக்கும். கேலிபரேஷன் லேப்காரர், வெளி ஆடிட்டர், உங்களுக்கு முன்பே வேலையை விட்டுப் போனவர்கள் என்று உட்கார்ந்து எழுதினால் நாற்பது பெயராவது வரும். வாரத்துக்குப் பத்துப் பேர். மெசேஜ் இப்படி இருக்கலாம்:

“சார் வணக்கம். நான் ... கம்பெனியில் இன்கமிங் குவாலிட்டியில் இருந்தேன், உங்கள் பிராக்கெட் லாட் விஷயமாகப் பேசியிருக்கிறோம். எங்கள் லைன் மூடியதால் இப்போது வேலை தேடுகிறேன். ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் குவாலிட்டிக்கு யார் ஆள் எடுப்பார்கள் என்று உங்களிடம் ஐந்து நிமிடம் கேட்கலாமா? உடனே சேர முடியும்.”

வேலை கொடுங்கள் என்று கேட்காமல் யார் எடுப்பார்கள் என்று கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது. இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடம் எதிராளிக்கு இருக்காது, அதனால் பதில் வரும். பத்துக்கு மூன்று பதில் வந்தால் நல்ல வாரம். பதில் வராதவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவுபடுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அதோடு, பெரிய கம்பெனிகளுக்கு, பழுதான பார்ட்ஸைப் பிரித்தெடுக்கும் சார்ட்டிங், இன்ஸ்பெக்‌ஷன் வேலையை எடுத்துச் செய்யும் தேர்ட் பார்ட்டி நிறுவனங்களை ஒதுக்காதீர்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் கஸ்டமர் பிளான்ட்டுக்குள்ளேயே நிற்பீர்கள், மூன்று மாதத்தில் பத்துப் புதுப் பெயர் கிடைக்கும், ரெஸ்யூமில் “தற்போது” என்ற சொல் திரும்ப வரும். முன்பு 32,000 வாங்கியவர் 24,000-க்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மானத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஓசூரில் அறை, மெஸ், ஊருக்கு வந்துபோக என்று ஒன்பதாயிரம் ஆனால் வீட்டுக்குப் பதினைந்து வரும். அந்தப் பதினைந்து உங்கள் வீட்டுக்கு என்ன செய்யும் என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். இதற்குக் கீழே போகமாட்டேன் என்று ஒரு தொகையை இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டால், ஆஃபர் வரும் அன்று தடுமாற வேண்டியதில்லை.

இடைவெளியை எப்படிச் சொல்வது?

“மன்னிக்கணும் சார், கொஞ்சம் கஷ்டம் சார்” என்று நீங்கள் தொடங்கியிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்க நீங்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. நான்கு வாக்கியம், அரை நிமிடம்: “எங்கள் லைன் மூடப்பட்டது. ஊருக்கு வந்து குடும்பத்தோடு இருந்து அரசுத் தேர்வுக்குப் படித்தேன். இப்போது குவாலிட்டிக்கே திரும்புவது என்று முடிவு செய்துவிட்டேன். எஃப்எம்இஏ, எஸ்பிசி இரண்டையும் மறுபடி படித்துவருகிறேன், திங்கட்கிழமையே சேர முடியும்.” (எஃப்எம்இஏ கோளாறை முன்கூட்டியே கணிக்கும் முறை, எஸ்பிசி உற்பத்தியைப் புள்ளிவிவரத்தால் கண்காணிக்கும் முறை.) அதோடு நிறுத்திவிட்டு, “உங்கள் லைனில் இப்போது பெரிய ரிஜெக்‌ஷன் எதில் வருகிறது?” என்று கேளுங்கள். பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். இதைக் கண்ணாடி முன் இல்லாமல் மனைவியிடம் பத்து முறை சொல்லிப் பழகுங்கள். குரல் எங்கே இறங்குகிறது என்று அவர் சொல்வார்.

படிக்கிறேன் என்று சொன்னால் படித்திருக்க வேண்டும். என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். தேதியோடு ஒரு சான்றிதழ் இருந்தால் அந்தக் காலத்துக்கு அது சாட்சி.

15,000 ரூபாய் சர்ட்டிபிகேட்டைத் தொடவே வேண்டாம். உங்கள் பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணில் எந்தக் கம்பெனியில் எந்த மாதம் வரை இருந்தீர்கள் என்பது பதிவாகியிருக்கிறது. சரிபார்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். இடைவெளி இருந்தால் கேள்வி கேட்பார்கள், பொய் இருந்தால் சேர்ந்த பிறகும் வெளியே அனுப்புவார்கள், போலி ஆவணத்துக்கு வழக்கும் வரலாம். கையோடு பிஎஃப் தளத்தில் உங்கள் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதார் ஓடிபி மூலம் நீங்களே பதியலாம். புதுக் கம்பெனியில் சேரும் நேரத்தில் பலருக்குச் சிக்கல் வருவது இந்த ஒரு கட்டம் காலியாக இருப்பதால்தான்.

குரூப் 4, தாய்லாந்து

2024 ஜூன் குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கு மேல் விண்ணப்பித்தார்கள், அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244. 2025 ஜூலையில் 11 லட்சத்துக்கு மேல் எழுதினார்கள், அறிவித்த இடங்கள் 3,935. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. தேர்வு முடிவில் ஒட்டுமொத்த ரேங்க்கும் உங்கள் பிரிவுக்கான ரேங்க்கும் இருக்கும். அந்தப் பிரிவில் கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். இரண்டு மடங்குக்குள் இருந்தால் இன்னும் ஒரு தடவை, சாயங்காலம் இரண்டு மணி நேரம் படித்து எழுதலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். அதைவிடத் தள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். “தேர்வுக்குப் படிக்கிறேன்” என்பது ஊருக்குச் சொல்ல வசதியான பதில், அதனாலேயே பலர் வருடக்கணக்கில் அதற்குள் ஒளிந்துகொள்கிறார்கள்.

அதே அலுவலகத்தில் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பொறியியல் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. ஆனால் அங்கு நடக்கும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போங்கள், ஓசூர் கம்பெனிகளும் வரும்.

தாய்லாந்து வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். “டிஜிட்டல் சேல்ஸ்”, டூரிஸ்ட் விசா, அங்கே போனபின் ஒர்க் பர்மிட் என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், இளைஞர்களை மியான்மர் எல்லையில் மியாவடி பக்கம் கொண்டுபோய் அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்கள் சொன்ன அதே வார்த்தைகள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், ரசீதோடு. 1.8 லட்சம் என்ற உடனேயே அது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நீங்கள் பட்டதாரி என்பதால் உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. அதனால் விமான நிலையத்தில் அந்தத் தடுப்பும் இருக்காது, நீங்களேதான் தடுத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் ஏதாவது அனுப்பியிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

வாங்காமல் விட்ட பணம்

“நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன், அதனால் கிராஜுவிட்டி கிடையாதாம்” என்று ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள். அது தவறு. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கணக்கு எளிது: கடைசி மாத பேசிக்கும் டிஏவும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். பேசிக் 18,000 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு 62,300 ரூபாய்க்குப் பக்கம் வருகிறது. செட்டில்மென்ட் தாளில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கம்பெனிக்குப் பணிக்கொடை விண்ணப்பத்தை டெலிவரி அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேவையான தாள்கள் நியமனக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, ரிலீவிங் லெட்டர். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால், கம்பெனி இருக்கும் பகுதிக்கான தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். காலம் கடந்ததற்குத் தக்க காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ள இடமிருக்கிறது, தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். எல்லோரிடமும் ஒரே நாளில் வாங்கிய ராஜினாமா செல்லுமா என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த வழக்கு வேண்டாம் என்று விட்டாலும் பணிக்கொடையை விடாதீர்கள்.

பிஎஃப் பணத்தை மொத்தமாக எடுக்கும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். முதலில் இந்த அறுபதாயிரம் வரட்டும். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், உங்களுக்கு ஆறு ஆகிவிட்டது. பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த ஆறும் கணக்கிலிருந்து போய்விடும்.

மனைவியும், மச்சினன் கல்யாணமும்

சாயங்காலம் மனைவி வந்ததும் “யாராவது கூப்பிட்டாங்களா?” என்று கேட்பது உங்களைக் குத்துகிறது என்கிறீர்கள். அவருக்கும் பயம் இருக்கிறது, கேட்க வேறு வழி தெரியவில்லை. ஞாயிறு காலை இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைத் திறந்து அந்த வாரம் யார் யாரிடம் பேசினீர்கள், எது நடந்தது, வரும் வாரம் என்ன என்று நீங்களே சொல்லுங்கள். மற்ற நாட்களில் அந்தக் கேள்வி வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் பணத்தையும் அந்த இருபது நிமிடத்திலேயே முடித்துவிடலாம். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அவர் டப்பாவில் வைத்துவிட்டால் நீங்கள் தினமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கல்யாணத்துக்குப் போங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். முதல் நாளே போய், பந்தியில் பரிமாறும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வாளியோடு நிற்பவரிடம் யாரும் நீண்ட கேள்வி கேட்பதில்லை, உங்கள் கைக்கும் வேலை இருக்கும். அதையும் மீறி “இப்ப எங்கப்பா இருக்கே?” என்று ஒரு மாமா கேட்டால், தலையைக் குனியாமல் இதைச் சொல்லுங்கள்: “ஒரகடத்துல எங்க லைனை மூடிட்டாங்க மாமா. ஓசூர், கோயம்புத்தூர் பக்கம் குவாலிட்டி வேலை பாத்துக்கிட்டிருக்கேன். அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா நம்பர் குடுங்க.”

நம்பரை அங்கேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு, நூலகத்தில், அதுதான் முதல் மெசேஜ்.